பாலைவனத்துல வெள்ளமா? அமெரிக்க கேன்யன்களுக்கு ஹைக்கிங் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்!

'127 ஹவர்ஸ்' படம் பார்த்திருக்கிறீர்களா? நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்து 2010-ல் வெளியான படம். பாறை இடுக்கில் கை மாட்டிக்கொண்டு ஐந்து நாள்கள் தவித்து, கடைசியில் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு உயிர் தப்பிய ஆரன் ரால்ஸ்டனின் உண்மைக் கதை. 2003 ஏப்ரலில் அது நடந்த இடம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் புளூஜான் கேன்யன். ரால்ஸ்டன் ஒன்றும் கத்துக்குட்டி இல்லை. மலையேற்றத்தில் நல்ல அனுபவசாலி. ஆனால், எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கிளம்பிவிட்டார். அந்த ஒன்றுதான் அவரை அவ்வளவு பாடுபடுத்தியது.

யூட்டா, அரிசோனா மாநிலங்களின் பாலைவனத்தை ஆறுகள் பல லட்சம் ஆண்டுகளாக அறுத்து உருவாக்கிய பள்ளத்தாக்குகளைத்தான் கேன்யன் என்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் இலையுதிர்காலத்தில் உலகம் முழுவதிலிருந்தும் ஹைக்கிங் பிரியர்கள் இங்கே வந்து குவிகிறார்கள். இன்ஸ்டாகிராமில் பார்க்கும்போது செம அழகுதான். ஆனால், இங்கே எப்போது நடக்கலாம் என்பதைவிட, எப்போது திரும்ப வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

ஏன் இலையுதிர்காலம்?

கோடையில் கிராண்ட் கேன்யனின் அடிப்பகுதி 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும். அக்டோபரில் அதே இடத்தில் பகல் வெப்பம் சராசரியாக 29 டிகிரிதான். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் ஸயான் தேசியப் பூங்காவின் ஆற்றங்கரையில் நிற்கும் காட்டன்வுட் மரங்கள் தங்க நிறத்துக்கு மாறும். சிவப்புப் பாறை, நீல வானம், மஞ்சள் இலை... போட்டோவுக்கு ஃபில்டரே வேண்டாம்!

ஆனால், செப்டம்பரை நம்பிவிடாதீர்கள். இந்தப் பகுதிக்கும் ஒரு பருவமழை உண்டு. ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் வரை இடி மின்னலோடு திடீர் மழை கொட்டும். அக்டோபர்தான் ஓரளவு நிதானமான மாதம்.

எங்கெல்லாம் போகலாம்?

* கிராண்ட் கேன்யன் (அரிசோனா): 446 கிலோமீட்டர் நீளம், சுமார் 1.6 கிலோமீட்டர் ஆழம். கீழே கொலராடோ ஆறு ஓடுகிறது. முதல்முறை போகிறவர்களுக்கு தெற்கு விளிம்பிலிருந்து இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதையில் கொஞ்ச தூரம் போய் வருவதே போதும்.

* ஸயான் நேரோஸ் (யூட்டா): இங்கே ஆறுதான் பாதை. இரண்டு பக்கமும் 300 மீட்டர் உயரத்துக்குப் பாறைச் சுவர்கள். சில இடங்களில் அகலம் ஆறேழு மீட்டர்தான். முழங்கால், இடுப்பு வரை தண்ணீரில் நடக்க வேண்டும்.

* ஆன்டிலோப் கேன்யன் (அரிசோனா): வளைந்து நெளியும் ஆரஞ்சுப் பாறைகள், மேலிருந்து ஊடுருவும் வெளிச்சம் எனப் பல போட்டோக்களில் நீங்கள் பார்த்த இடம். இது நவாஹோ பழங்குடியினரின் நிலம். அவர்கள் அனுமதித்த கைடு இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது.

* பிரைஸ் கேன்யன் (யூட்டா): ஊசி ஊசியாக நிற்கும் ஆயிரக்கணக்கான பாறைத் தூண்கள். விளிம்பே 2,400 மீட்டருக்கு மேல் என்பதால், அக்டோபர் இரவுகளில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்.

வில்லன் தண்ணீர்தான்!

பாலைவனம் என்றால் தாகம்தானே ஆபத்து என்று நினைக்கிறீர்களா? பாதி உண்மை. மீதி ஆபத்து, வெள்ளம்.

இங்கே தரை முழுக்கப் பாறையும் இறுகிய மண்ணும்தான். பெய்யும் மழையை உறிஞ்ச முடியாது. அத்தனை தண்ணீரும் வழிந்து, குறுகலான பாறை இடுக்குகளுக்குள் பாயும். மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்ற அவசியமே இல்லை. பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்தாலே போதும்.

1997 ஆகஸ்ட் 12 அன்று ஆன்டிலோப் கேன்யனின் கீழ்ப்பகுதியில் நடந்தது அதுதான். எங்கோ தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் பாய்ந்து வந்ததில் 11 பேர் இறந்துபோனார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று ஸயானின் கீஹோல் கேன்யனில் இதேபோல 7 பேர் இறந்தார்கள். ஆன்டிலோப் கேன்யனின் மேல்பகுதிக்கு நவாஹோ மொழியில் இருக்கும் பெயருக்கு, 'பாறைகளின் ஊடே தண்ணீர் ஓடும் இடம்' என்று அர்த்தம். எச்சரிக்கை பெயரிலேயே இருக்கிறது!

என்ன செய்யலாம்? அமெரிக்க வானிலைத் துறை இந்தப் பகுதிக்குத் தினமும் திடீர் வெள்ள வாய்ப்பைக் கணித்துச் சொல்கிறது. 'எதிர்பார்க்கவில்லை' என்பதில் தொடங்கி 'நிச்சயம் எதிர்பார்க்கலாம்' என்பது வரை நான்கு நிலைகள். காலையில் கிளம்பும் முன் பூங்கா அலுவலகத்திலோ, இணையதளத்திலோ இதைப் பார்த்தே ஆக வேண்டும். நம் ஊர் அணைச் செய்திகளில் 'கன அடி' என்று சொல்வார்களே, நேரோஸுக்கும் அதே கணக்குதான். ஆற்றில் விநாடிக்கு 150 கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தால் பாதையை மூடிவிடுவார்கள். மேட்டூர் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. ஆனால், ஆறேழு மீட்டர் இடுக்கில் கால் ஊன்றி நிற்க முடியாது.

உள்ளே இருக்கும்போது தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, குச்சிகளும் இலைகளும் மிதந்து வந்தாலோ, மேல்பக்கத்திலிருந்து உறுமல் மாதிரி சத்தம் கேட்டாலோ, போனை எடுக்காதீர்கள். உடனே உயரமான இடத்துக்கு ஏறுங்கள். பையைவிட உயிர் பெரிது.

கைடு எதற்கு?

வழி காட்டுவதற்கு மேப் போதும். நல்ல கைடின் வேலை, வானத்தையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பது. யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் தண்ணீர் குடிக்கவில்லை, எந்த மேகம் சரியில்லை என்று கவனித்து, 'போதும், திரும்பலாம்' என்று சொல்வது. 1997 வெள்ளத்தில் உயிர் பிழைத்த ஒரே ஒருவர், ஒரு சுற்றுலாக் குழுவை அழைத்துவந்தவர். ஆக, கூட ஒருவர் வருகிறார் என்பது மட்டுமே பாதுகாப்பு இல்லை. முன்பதிவு செய்யும்போதே இவற்றைக் கேளுங்கள்:

* இந்த இடத்தில் அழைத்துப்போக உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?
* முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா?
* சிக்னல் இல்லாத இடத்தில் உதவிக்கு யாரை, எப்படி அழைப்பீர்கள்?
* வானிலை சரியில்லை என்றால் ரத்து செய்வீர்களா? பணம் திரும்பக் கிடைக்குமா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். கட்டிய பணம் போய்விடுமே என்ற எண்ணம்தான் பலரை மேகத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல நடக்க வைக்கிறது.

இன்னொரு விஷயம்... அரிசோனாவில் கோடை நேர மாற்றம் கிடையாது. நவாஹோ நிலத்தில் உண்டு. நவம்பர் முதல் ஞாயிறு வரை எல்லையைத் தாண்டினால் போன் கடிகாரம் ஒரு மணி நேரம் குதிக்கும். டிக்கெட்டில் இருப்பது எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இறங்குறது ஈஸி... ஏறுறது?

நம் ஊரில் மலை ஏறும்போது கஷ்டம் முதலில் வந்துவிடும். முடியவில்லை என்றால் இறங்கிவிடலாம். கிராண்ட் கேன்யனில் எல்லாமே தலைகீழ். தெம்பாக இருக்கும்போது இறங்குவீர்கள், களைத்த பிறகுதான் ஏற்றமே தொடங்கும். ஒரு மணி நேரம் இறங்கினால் ஏற இரண்டு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வரை இறங்கி ஒரே நாளில் திரும்பி ஏற முயல வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. 'நான் ஜிம் போறவன்' என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

பையில் என்ன இருக்கணும்?

* ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர் தண்ணீர். வழியில் குழாய் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.
* உப்பு சேர்ந்த நொறுக்குத்தீனி. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடலில் சோடியம் குறைந்து மயக்கம் வரும். உப்புக்கடலை, முறுக்கு எல்லாமே சரிதான்.
* அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்ளும் உடைகள். அக்டோபரில் தெற்கு விளிம்பில் பகலில் 18 டிகிரி, அதிகாலையில் 2 டிகிரி.
* ஹெட்லைட். போன் டார்ச்சை நம்பாதீர்கள். பள்ளத்துக்குள் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும்.
* நேரோஸ் போகிறவர்களுக்கு நியோப்ரின் சாக்ஸ், நீர் புகாத உடை, ஊன்றுகோல். பூங்கா வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும். நனைந்த உடம்பும் குளிர்காற்றும் சேர்ந்தால் பகலிலேயே நடுக்கம் கண்டுவிடும்.

மண்ணையும் கொஞ்சம் மதிப்போம்

பாதையை விட்டு விலகி ஒரு செல்ஃபி எடுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம்! கறுப்பாக, முண்டும் முடிச்சுமாகத் தெரியும் அந்த மண் உயிருள்ளது. நுண்ணுயிர்கள், பாசி, காளான் இழைகள் எல்லாம் சேர்ந்து மண்ணைக் காற்று அடித்துப்போகாமல் பிடித்துவைத்திருக்கின்றன. ஒரு மிதியில் உடைவது மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

கிளம்பும் முன் கடைசியாக ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள். எந்தப் பாதை, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவேன், அதற்குள் அழைக்கவில்லை என்றால் எந்த எண்ணில் சொல்ல வேண்டும்... இவ்வளவுதான். டைப் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. வானம் இருண்டால் வெட்கப்படாமல் திரும்புங்கள். அந்தப் பாறைகள் எங்கேயும் போய்விடாது. அடுத்த அக்டோபரிலும் அங்கேயேதான் இருக்கும்.