சான்று வயல்: அமெரிக்கக் கவுண்டி வேளாண்மை விரிவாக்க அலுவலக வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

வேளாண்மை பற்றிய அறிவு ஒரு நாட்டில் பெருகுதல் ஒன்று. அவ்வறிவு உழுவோன் கையைச் சென்று சேர்தல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் குறைத்தற்கென அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானதே கவுண்டி வேளாண்மை விரிவாக்க அலுவலகமாகும். கவுண்டி என்பது அந்நாட்டு மாநிலத்தின் உட்பிரிவாகிய ஆட்சிப் பகுதி. நம் மாவட்டத்தோடு ஒருவாறு ஒப்பிடத்தக்கது. அக்கவுண்டியில் தங்கி, மண்ணின் தன்மை அறிந்து உரம் கூறியும், பயிரைத் தாக்கும் பூச்சியையும் நோயையும் இனங்கண்டு தீர்வு சொல்லியும், உழவர் குடும்பங்களோடு பழகிவரும் அறிவுரையாளரே அவ்வலுவலகத்தின் உயிர்நாடி எனலாம்.

இவ்வமைப்பின் வரலாற்றை அறியாமையை அறிவு வென்ற கதையாகக் கூறுதல் பெருவழக்கு. உழவர் பழமையில் ஊறியவர். அவர்க்கு அறிவியல் கற்பிக்கப்பட்டது. விளைவு பெருகிற்று என்பது அக்கூற்றின் சாரம். வரலாற்றுச் செய்திகளை அடைவே வைத்து நோக்குமிடத்து இஃது ஒரு பகுதியளவே உண்மை என்பது புலனாகும். உழவரைத் தடுத்தது அறியாமையினும் மிகுதியாக இழப்பைப் பற்றிய அச்சமே. அவ்விழப்பை யார் தாங்கினர் என்பதைப் பொறுத்தே இவ்வமைப்பு வென்றும் தோற்றும் வந்துள்ளது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரியும் ஆய்வு நிலையமும்

1862ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் லிங்கன் கையொப்பமிட்ட மோரில் சட்டம், வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவுதற்கு மாநிலங்கட்கு அரசு நிலத்தை வழங்கிற்று. 1887ஆம் ஆண்டின் ஹாட்ச் சட்டம் அக்கல்லூரிகளோடு இணைந்த ஆய்வு நிலையங்களுக்கு ஆண்டுதோறும் பொருளுதவி அளித்தது. 1890இல் இயற்றப்பெற்ற இரண்டாம் மோரில் சட்டத்தின் வழி, தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கெனத் தனிக் கல்லூரிகள் தோன்றின.

இங்ஙனம் கல்வியும் ஆராய்ச்சியும் நிலைபெற்ற பின்னரும், ஆய்வு நிலையத்து முடிபுகள் அறிக்கைகளாகவும் துண்டு வெளியீடுகளாகவுமே நின்றன. சிற்றூர்களில் சொற்பொழிவுகள் நிகழ்த்தப்பட்டன. கேட்டவர் தலையசைத்துச் சென்றனர்; ஆயினும் வயலில் பெரும் மாற்றம் விளையவில்லை. அரசு நிலையத்தின் வயலில் நல்ல விளைவைக் கண்ட உழவன், அரசின் பணமும் அரசின் ஆட்களும் இருப்பின் எவரும் விளைவிக்கலாம் என்று கருதியது இயல்பே. அவன் ஐயம் அறியாமையின்பாற்பட்டதன்று. தன் முதலையும் கடனையும் எண்ணிப் பார்த்ததன்பாற்பட்டது.

டெரல் நகர்ச் சான்று வயல்

இந்நிலையை மாற்றியது ஒரு பூச்சி. பருத்திக் காய்க் கூன்வண்டு மெக்சிகோ நாட்டிலிருந்து 1892ஆம் ஆண்டளவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் தென்கோடியில் புகுந்தது. சப்பையிலும் இளங்காயிலும் முட்டையிட்டு அவற்றை உதிரச் செய்யும் அவ்வண்டு, ஆண்டுதோறும் வடக்கும் கிழக்குமாகப் பரவிற்று. வண்டு பரவிய ஊர்களில் பருத்தியை நம்பிக் கடன் கொடுத்த வணிகரும் வங்கியினரும் கைவிரித்தனர். பருத்தி ஒன்றையே பற்றி வாழ்ந்த குடிகள் செய்வதறியாது திகைத்தனர்.

அக்காலத்து, ஐக்கிய நாட்டு வேளாண்மைத் துறையின் சார்பில் பணியாற்றியவர் சீமன் நாப் என்பார். 1833இல் பிறந்த இவர், அயோவா மாநில வேளாண்மைக் கல்லூரியில் பேராசிரியராகவும் தலைவராகவும் விளங்கியவர். பின்னர் லூசியானா மாநிலத்தில் நெற்பயிரைப் பெருக்கியவர். 1903ஆம் ஆண்டில் டெரல் என்னும் ஊரில் இவர் ஒரு புதுமுறையைக் கையாண்டார். அரசு பண்ணை ஒன்றும் தோற்றுவிக்கப்படவில்லை. வால்டர் போர்ட்டர் என்னும் உழவர் தம் நிலத்தில் 70 ஏக்கரைத் தாமே நாப் கூறியவாறு பயிரிட இசைந்தார். அவர்க்கு இழப்பு நேரின் ஈடு செய்தற்கென அவ்வூர் வணிகர் பொதுநிதி ஒன்றைத் திரட்டி வைத்தனர்.

நாப் கூறிய முறைகளில் வியத்தகு மறைபொருள் எதுவும் இல்லை. ஆழ உழுதல், முன்பட்டத்தில் விதைத்தல், விரைந்து முதிரும் வகையைத் தேர்தல், பாத்தியை அகல அமைத்துப் பலகால் களையெடுத்தல், அறுவடை முடிந்தவுடன் பருத்திமாரை அழித்தல் என்பனவே அவை. வண்டு பெருகுமுன் காய் முதிர்ந்துவிடும் என்பதே இவற்றின் அடிப்படை. ஆண்டிறுதியில் போர்ட்டர் தம் வழக்கமான முறையால் பெறக்கூடியதினும் 700 டாலர் மிகுதியாகப் பெற்றதாகக் கூறினார். திரட்டிய நிதியைத் தொடும் தேவை எழவில்லை.

இந்நிகழ்ச்சியில் வரலாற்றாசிரியர் பலரும் விளைவின் பெருக்கத்தையே போற்றுவர். நாம் அந்நிதியையே முதன்மையாகக் கருதுகின்றோம். தொடப்படாத அந்நிதியே போர்ட்டரின் ஏரை நகர்த்தியது. நிலம் உழவருடையது, உழைப்பு அவருடையது, முடிபும் அவருடையது. இழப்பு மட்டும் பொதுவுடையது. இப்பகுப்பே சான்று வயலின் இலக்கணமாகும்.

கவுண்டிதோறும் அலுவலர்

டெரலின் வெற்றி நாப்பின் பணிக்கு நடுவணரசின் பொருளுதவியைப் பெற்றுத் தந்தது. அறிவுரையாளர் ஒருவர் பல கவுண்டிகளைச் சுற்றிவந்த நிலை மாறி, 1906ஆம் ஆண்டு நவம்பரில் டெக்ஸாஸ் மாநில ஸ்மித் கவுண்டிக்கென்றே ஸ்டாலிங்ஸ் என்பார் அமர்த்தப்பட்டார். ஒரு கவுண்டிக்கு ஓர் அலுவலர் என்னும் முறை இவரிடத்துத் தொடங்கிற்று. அவருடைய ஊதியத்தில் உள்ளூர் வணிகரும் பங்கேற்றனர் என்பது நோக்கத்தக்கது. வடபுலத்தில் 1911ஆம் ஆண்டு நியூயார்க் மாநில புரூம் கவுண்டியிலும், வேளாண்மைத் துறையோடு பிங்கம்ட்டன் நகர வணிகர் கழகமும் இருப்புப்பாதை நிறுவனமும் சேர்ந்து அலுவலர் ஒருவரை அமர்த்தின.

தந்தையர் தயங்கியவிடத்து மைந்தர் முன்வந்தனர். சிறுவர்க்கெனச் சோளக் கழகங்கள் அமைந்தன; ஒவ்வொருவனும் ஓர் ஏக்கரில் மக்காச்சோளம் பயிரிட்டான். 1910ஆம் ஆண்டில் தென் கரோலினா மாநிலத்துச் சிறுவன் ஜெரி மூர் ஓர் ஏக்கரில் 228 புசலுக்கு மேல் விளைவித்துப் புகழ் பெற்றான். அதே ஆண்டில் அம்மாநிலத்து ஏக்கன் கவுண்டியில் ஆசிரியை மரீ குரோமர் சிறுமியர்க்குத் தக்காளிக் கழகம் அமைத்தார். பத்தில் ஒரு பங்கு ஏக்கரில் தக்காளி விளைவித்து, அதனைத் தகரக் குப்பிகளில் அடைத்து விற்று, அச்சிறுமியர் தாமே பொருளீட்டினர். இவற்றின் வழியே இல்லப் பொருளியல் அறிவுரையாளராகப் பெண்டிரும் இத்துறையுட் புகுந்தனர். தந்தை மகனுக்கு ஓர் ஏக்கரை விட்டுக் கொடுத்தபோது இழப்பின் எல்லையும் அவ்வோர் ஏக்கரளவே ஆயிற்று என்பதனால், இக்கழகங்களும் சான்று வயலின் வேறொரு வடிவமே எனல் பொருந்தும்.

டஸ்கிகியின் வண்டி

நிலமில்லாதவனுக்குச் சான்று வயல் எங்ஙனம் அமையும்? இவ்வினாவை முதலில் எதிர்கொண்டோர் அலபாமா மாநிலத்து டஸ்கிகி நிறுவனத்தாரே. புக்கர் வாஷிங்டன் தலைமையிலும் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் அறிவுத் துணையோடும் விளங்கிய அக்கறுப்பினக் கல்வி நிலையம், 1906ஆம் ஆண்டில் ஜெசப் வண்டி என்னும் நடமாடும் பள்ளியைத் தொடங்கிற்று. கலப்பை, விதை, பாலேடு பிரிக்கும் பொறி முதலியவற்றை ஏற்றிக்கொண்டு அது சிற்றூர்களுக்குச் சென்றது. அவ்வாண்டு நவம்பரில் தாமஸ் மன்ரோ கேம்பல் அரசின் அறிவுரையாளராக அமர்த்தப்பட்டு அதனை நடத்தினார். அத்துறையில் அமர்ந்த முதற் கறுப்பின அலுவலர் அவரே.

அவர் பணி செய்த பகுதியின் குடிகளில் பெரும்பாலோர் வாரக்குடிகள். எதைப் பயிரிடுவது என்பதை நிலக்கிழாரும், எவ்வளவு கடன் என்பதைக் கடைக்காரரும் முடிவு செய்தனர். ஆதலின் வாரக்குடியின் கையில் எஞ்சியவற்றிலேயே அறிவுரை வேரூன்றவேண்டியிருந்தது. வீட்டுத் தோட்டம், கோழி, பன்றி, குடிநீர்த் தூய்மை, உணவைப் பக்குவப்படுத்தி வைத்தல் ஆகியன முதன்மை பெற்றமைக்கு இதுவே காரணமாகும்.

1914ஆம் ஆண்டுச் சட்டம்

1914ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் குடியரசுத் தலைவர் வில்சன் ஸ்மித்-லீவர் சட்டத்திற் கையொப்பமிட்டார். ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஆண்டுதோறும் 10,000 டாலரும், அதற்குமேல் ஊரக மக்கள்தொகைக்கேற்ற தொகையும் வழங்க அது வகை செய்தது. பின்னதற்கு ஈடான தொகையை மாநிலமும் உள்ளூரும் அளித்தல் வேண்டும். நடுவணரசு, மாநிலக் கல்லூரி, கவுண்டி ஆகிய மூன்றும் கூடித் தாங்கும் கூட்டுறவு விரிவாக்கப் பணி இங்ஙனம் நிலைபெற்றது. நாப் இதனைக் காண இருந்திலர். 1911இல் அவர் மறைந்தார்.

இச்சட்டத்தில் ஒரு சிறு தொடர் பெருந்தீங்கிற்கு இடமாயிற்று. ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள் உள்ள மாநிலத்தில் எக்கல்லூரி இப்பணியை நடத்துவது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யும் என்பது அது. கறுப்பினக் கல்லூரிகட்கும் பங்கை உறுதி செய்யும் திருத்தம் மேலவையில் கொண்டுவரப்பட்டும் இறுதிச் சட்டத்தில் இடம்பெறவில்லை. தென்மாநிலச் சட்டமன்றங்கள் வெள்ளையர் கல்லூரிகளையே தெரிந்தெடுத்தன. கறுப்பின அறிவுரையாளர் தொடர்ந்து பணியாற்றினராயினும், குறைந்த ஊதியமும் மிகுந்த பரப்பும் அவர்க்குரியவாயின. இழப்பச்சம் மிகுதியாக உடையவர்க்கே துணை குறைவாகக் கிடைத்தது.

உழுதழித்த பருத்தி

1933ஆம் ஆண்டில் இம்முரண் வெளிப்படையாயிற்று. விலை வீழ்ச்சியைத் தடுத்தற்பொருட்டு, வளர்ந்து நின்ற பருத்தியில் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கரை உழுதழிக்க அரசு முடிவு செய்தது. உழவரோடு ஒப்பந்தம் செய்யும் பொறுப்பு கவுண்டி அலுவலரிடமே வந்தது. மிகுதியாக விளைவிக்குமாறு முப்பதாண்டுகளாகக் கூறிவந்த அலுவலகமே, விளைந்ததை அழிக்குமாறு கூறிற்று. உழவர் இசைந்தனர், ஏனெனில் அழிப்பிற்கு ஈட்டுத்தொகை உண்டு, கூறியவரும் நன்கு அறிந்தவர். ஆயின் அத்தொகை நிலக்கிழார் வழியே சென்றமையால் வாரக்குடிகள் பலர்க்கு உரிய பங்கு கிட்டவில்லை. அடுத்த ஆண்டுகளில் பரப்புக் குறையக் குறைய, நிலத்தைவிட்டு நீங்கியோரும் அவர்களே.

இதற்கு மாறான காட்சியொன்று அயோவா மாநிலத்தில் காணப்பட்டது. கலப்பின மக்காச்சோளம் இரண்டு ஊர்ப்பகுதிகளில் பரவிய வரலாற்றை ரையன், கிராஸ் என்னும் சமூகவியலறிஞர் இருவர் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டனர். ஆராயப்பெற்ற 259 உழவருள் இருவர் ஒழிய ஏனையோர் அனைவரும் 1941க்குள் அவ்விதையை ஏற்றனர். விதையைப் பற்றி முதலிற் கூறியவர் பெரும்பாலும் விதை விற்பனையாளர். ஏற்கத் தூண்டியவரோ பெரும்பாலும் அண்டை வயலார். முதலாண்டில் நிலத்தின் ஒரு பகுதியில் மட்டும் விதைத்துப் பார்த்த பின்னரே அவர்கள் முழுதும் மாறினர். தத்தம் வயலில் ஒரு மூலையைச் சான்று வயலாக அவர்களே வகுத்துக் கொண்டனர் எனலாம். அங்ஙனம் வகுத்துக்கொள்ள ஒரு மூலையேனும் உரிமையுடையவர்க்கே அது இயலும்.

திருத்தமும் தீர்ப்பும்

1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திற்குப் பின்னர், தென்மாநிலங்களில் இரண்டாக இயங்கிய விரிவாக்கப் பணிகள் ஒன்றாக்கப்பட்டன. ஆயினும் நெடுங்காலம் பணியாற்றிய கறுப்பின அலுவலர் பலர், தம்மினும் பயிற்சி குறைந்தோர்க்குக் கீழ் வைக்கப்பட்டனர். 1971ஆம் ஆண்டில் ஸ்ட்ரெயின் எதிர் ஃபில்பாட் என்னும் வழக்கில் நீதிபதி ஃபிராங்க் ஜான்சன், அலபாமா விரிவாக்கப் பணியின் இவ்வேற்றுமையைக் கண்டித்து அதனை நீக்க ஆணையிட்டார். 1977ஆம் ஆண்டுச் சட்டம் 1890ஆம் ஆண்டுக் கல்லூரிகட்கும் டஸ்கிகிக்கும் விரிவாக்க நிதியில் நேரடிப் பங்களித்தது. 1914இல் மறுக்கப்பட்டது அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து ஏற்கப்பட்டது.

தமிழகத் தொடர்பும் சொல்லும்

இந்தியாவில் 1952 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டமும், 1953இல் தொடங்கிய தேசிய விரிவாக்கப் பணியும் அமெரிக்க உதவியோடும் கருத்துகளோடும் தொடர்புடையவை. கவுண்டி அலுவலரின் சாயலைக் கிராம சேவகரிடத்துக் காணலாம். 1960ஆம் ஆண்டளவில் தஞ்சை மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற தீவிர வேளாண்மைத் திட்டத்திலும் உழவர் வயலிலேயே செயல்விளக்கம் நிகழ்த்துதல் சிறப்பிடம் பெற்றது. குத்தகையும் வாரமும் மிகுந்த தஞ்சையில், விளக்கம் நிகழ்வது யார் வயலில், இழப்பு யார் தலையில் என்னும் வினாக்கள் டெரலினும் கூர்மையாக எழுந்தன எனல் மிகையன்று.

ஈண்டுச் சொல் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். பல்கலைக்கழகக் கல்வியை வெளியூர் மக்கட்கும் நீட்டித்தல் என்னும் பொருளில் 1873ஆம் ஆண்டளவில் கேம்பிரிட்ஜில் வழங்கிய எக்ஸ்டென்ஷன் என்னும் சொல்லே பின்னர் வேளாண்மைக்கு வந்தது. அதனை நாம் விரிவாக்கம் என்று வழங்குகின்றோம். ஒன்றன் நடுவிலிருந்து புறநோக்கிப் பரவுதல் என்பது அதன் பொருள். நடுவில் இருப்பது கல்லூரி, புறத்தே இருப்பவன் உழவன். செயல்விளக்கம் என்னும் சொல்லோ செய்பவனை நடுவில் நிறுத்துகின்றது. வரலாறு பின்னதன் பக்கமே சார்கின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கவுண்டி விரிவாக்க அலுவலகத்தின் ஆற்றல் அதன் அறிவுரையில் மட்டும் அடங்கியதன்று என்பது பெறப்படும். அறிவுரை கேட்டவன் இழப்புற்றால் அவ்விழப்பில் பங்கேற்போர் இருந்தவிடத்து அது வென்றது. அவ்வாறு பங்கேற்போர் இல்லாத வாரக்குடியிடத்து, எத்துணைச் சிறந்த அறிவுரையும் வீட்டுத் தோட்டத்தின் வேலியைத் தாண்ட இயலவில்லை. ஆதலின் இத்துறையின் வரலாற்றை ஆராயப் புகுவோர், என்ன கற்பிக்கப்பட்டது என்பதோடு அமையாது, பொய்த்த ஆண்டின் கணக்கு யார் பேரில் எழுதப்பட்டது என்பதையும் தேடிக் காணல் வேண்டும்.