புரதத் தரவு வங்கி

புரதங்கள், டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றின் முப்பரிமாண வடிவங்களைச் சேர்த்துவைத்து எவருக்கும் இலவசமாக வழங்கும் இணையக் களஞ்சியம். ஆய்வாளர்கள் இதைச் சுருக்கமாக பிடிபி என்பார்கள்.

1950களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூவும் மாக்ஸ் பெருட்ஸும் மயோகுளோபின், ஹீமோகுளோபின் ஆகியவற்றின் வடிவங்களை எக்ஸ்-கதிர் படிகவியல் மூலம் கண்டறியத் தொடங்கினர். 1962இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய முடிவுகள் பெருகியபோது அவற்றுக்குப் பொதுவான இடம் தேவைப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வால்டர் ஹாமில்டன் 1971இல் வங்கியைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் படிகவியல் தரவு மையம் துணைநின்றது. முதல் கையிருப்பு ஏழே வடிவங்கள். 1973இல் ஹாமில்டன் காலமானபின் டாம் கோட்ஸ்லே பொறுப்பேற்றார். அந்நாளில் தரவுகள் காந்த நாடாவில் பதிந்து அனுப்பப்பட்டன.

ஒவ்வொரு வடிவத்தையும் பதிந்துவைக்கும் கோப்பின் அமைப்பு துளை அட்டைக் காலத்தைச் சேர்ந்தது. ஒரு வரிக்கு 80 எழுத்துகள், ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு வரி. அணுவின் வரிசை எண், அதன் பெயர், அது எந்த அமினோ அமிலத்தைச் சேர்ந்தது என்பவற்றை அடுத்து, மூன்று திசைகளிலும் அதன் இருப்பிடம் ஆங்ஸ்ட்ராம் அளவில் மூன்று தசம இடம்வரை வரும். வரிசை எண்ணுக்கு ஐந்து இடங்களே ஒதுக்கப்பட்டதால் 99,999 அணுக்களுக்கு மேல் ஒரே கோப்பில் அடங்கவில்லை. ரைபோசோம் போன்ற பெரும் கட்டமைப்புகளைப் பல கோப்புகளாகப் பிரித்துவைக்க நேர்ந்தது. 2014இல் எம்எம்சிஃப் என்ற கோப்பு அமைப்பு பொது வழக்கான பிறகே இந்தச் சிக்கல் தீர்ந்தது.

சேரும் வடிவங்கள் நம்பத்தக்கவைதானா என்று சோதிக்கும் முறைகளில் முதன்மையான ஒன்று சென்னையில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட வரைபடம், அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் முறுக முடியும் என்பதைக் காட்டுகிறது. பக்கச் சங்கிலியே இல்லாத கிளைசினுக்கு அதில் இடம் தாராளம். வளையத்தில் சிக்கிய புரோலினுக்கு மிகக் குறைவு. விலக்கப்பட்ட பகுதியில் பல புள்ளிகள் விழுந்தால் அந்த வடிவத்தை மறுபடி பார்க்க வேண்டும். வங்கி வெளியிடும் புரதங்களின் சரிபார்ப்பு அறிக்கைகளில் இந்தக் கணக்கு இன்றும் இடம்பெறுகிறது.

1998இல் நிர்வாகம் ஹெலன் பெர்மன் தலைமையிலான கூட்டமைப்புக்கு மாறியது. 2003இல் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய மையங்கள் இணைந்து உலகப் புரதத் தரவு வங்கியை அமைத்தன. ஆய்விதழ்கள், தரவை வங்கியில் சேர்த்தால்தான் கட்டுரை வெளியாகும் என்று விதித்ததே கையிருப்பு பெருகப் பெருந்துணையானது. அது 2014இல் ஒரு லட்சத்தையும் 2023இல் இரண்டு லட்சத்தையும் கடந்தது. 2020 பிப்ரவரி தொடக்கத்தில் கொரோனா வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸ் வடிவம் 6எல்யு7 என்ற குறியீட்டில் வெளியானதும், பல நாட்டு ஆய்வகங்கள் கணினியில் மருந்து தேடத் தொடங்கின.

ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் அமினோ அமில வரிசையைக் கொண்டே வடிவத்தைக் கணிக்கக் கற்றதும் இந்த வங்கியின் தரவுகளிலிருந்துதான். அந்த நிரலை உருவாக்கியதற்காக டெமிஸ் ஹஸாபிஸும் ஜான் ஜம்பரும் 2024இன் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அரை நூற்றாண்டாகத் தம் முடிவுகளை மறைக்காமல் கொடுத்த படிகவியலாளர்களின் உழைப்பு அந்தப் பரிசுக்கு அடித்தளம். கணிப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. மருந்து வந்து பொருந்தும்போது புரதம் எப்படி நெகிழ்கிறது என்பதைச் சோதனையில்தான் உறுதிசெய்ய முடியும். அவ்வாறு கண்டறியப்பட்ட புதிய வடிவங்களை வங்கி புதன்கிழமைதோறும் வெளியிட்டுவருகிறது.