கூன்வண்டும் எறும்பும்: உயிருள்ள பூச்சிகள் எல்லை கடந்த வரலாறு

மலேசியச் செம்பனைத் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் நிலம், மூலதனம், தொழிலாளர் ஆகியவை பற்றி விரித்துரைப்பர். கூன்வண்டை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவர். 1981ஆம் ஆண்டுக்கு முன்னர் பல தோட்டங்களில் செம்பனைப் பாளைகளுக்கு மகரந்தம் தூவியவை மனிதக் கைகளே. அவற்றுள் தமிழ்த் தொழிலாளர்களின் கைகளும் அடங்கும். அவ்வாண்டில் கேமரூன் நாட்டுக் கூன்வண்டு ஜொகூர் மாநிலக் குளுவாங் வட்டாரத்தில் விடுவிக்கப்பட்ட பின்னர் அப்பணி தேவையற்றதாயிற்று. (அதனால் கூலி இழந்தோரின் நிலை தனியே ஆராயத்தக்கது.)

நாம் இங்குக் கருத விழைவது அவ்வண்டு வந்த முறையையே. பூச்சியியலறிஞர் ரஹ்மான் சையத் அதனைக் கேமரூனிலேயே ஆராய்ந்தார். பிற பயிர்களில் அது இனம்பெருக்குமா என்பது முதலில் சோதிக்கப்பட்டது. அதன் பின்னரே அரசின் இசைவும் தொற்றுத்தடைக் காப்பும் பெற்று அது இந்நாட்டினுள் வந்தது.

இத்தகைய கட்டுப்பாடு எக்காலத்தும் இருந்ததன்று. 1855இல் சரவாக்கின் சிமுஞ்சானில் தங்கியிருந்த வாலஸ், தம்மிடம் கொண்டுவரப்பட்ட ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு சதம் கொடுத்தார். எவரிடமும் உரிமம் கேட்டாரல்லர். அவர் ராஜா புரூக்கின் பெயரிட்டு உலகுக்கு அறிவித்த வண்ணத்துப்பூச்சியை இன்று மலேசியாவிலிருந்து அனுப்ப, 2008ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினப் பன்னாட்டு வணிகச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும்.

அஞ்சல்வழியோ மேலும் குறுகியது. பன்னாட்டு அஞ்சல் விதிகள் உயிருள்ள பிராணிகளைப் பொதுவாகத் தடுக்கின்றன. தேனீ, அட்டை, பட்டுப்புழு போன்ற சிலவற்றுக்கே விலக்கு உண்டு. பொழுதுபோக்குக்காக வளர்க்கும் எறும்புக்கு அப்பட்டியலில் இடமில்லை. அதனை 'விளையாட்டுப் பொருள்' என எழுதி அனுப்புவோர் பொய் உரைத்த குற்றத்தையும் சேர்த்தே தேடிக்கொள்கின்றனர்.

2025ஆம் ஆண்டு கென்யாவில் நிகழ்ந்த வழக்கு இங்குக் குறிப்பிடத்தக்கது. சுமார் 5,000 எறும்புகளைப் பஞ்சடைத்த சோதனைக் குழாய்களில் வைத்திருந்த பெல்ஜியம் நாட்டு இளைஞர் இருவர் பிடிபட்டனர்; அவற்றுள் பல இராணி எறும்புகள். வேறொரு வழக்கில் வியட்நாமியர் ஒருவரும் கென்யர் ஒருவரும் சிக்கினர். மே மாதத்தில் நால்வருக்கும் தலைக்குப் பத்து இலட்சம் ஷில்லிங் தண்டம், தவறின் பன்னிரண்டு மாதச் சிறை எனத் தீர்ப்பாயிற்று. இச்செயல் குற்றமென அறியோம் என்ற இளைஞர்களின் கூற்று அவர்களைத் தண்டத்தினின்று காக்கவில்லை. அவ்வெறும்பினம் பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெறாதது. ஆயினும் உள்நாட்டுச் சட்டமே போதுமானதாயிற்று. பன்னாட்டுப் பட்டியலை மட்டும் பார்த்துத் துணிவோர் வழுக்குவது இவ்விடத்தில்தான்.

சில எறும்புகளுக்கு இத்துணைத் தண்டமா எனச் சிலர் வினவக்கூடும். இராணி எறும்பு ஒன்று ஒரு குடியிருப்பின் வித்து; அதனை எடுப்பது உருவாகவிருந்த புற்றையே எடுப்பதாகும். மேலும் அவ்வினம் தானியம் சேகரிப்பது. அயல்நாட்டு வயலில் அது என்ன உண்ணும், எங்குப் பரவும் என்று கூன்வண்டின்பொருட்டுக் கேட்கப்பட்ட கேள்வியை அக்குழாய்களை அடைத்தோர் எவரிடமும் கேட்டிலர்.