மெய்க்கீர்த்திக்குப் பின்னால் வரும் வரிகள்

மிகையாகப் பேசுகிறவரைப் பற்றிச் சொல்ல மதுரைப் பக்கத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அளக்கிறார், உதார் விடுகிறார், சவடால் அடிக்கிறார். மேடையேறிவிட்டால் வசனம் பேசுகிறார். பாராட்ட வேண்டுமென்றால் நாவன்மை, சொல்லாற்றல், அடுக்குமொழி. அலங்காரம் அளவு மீறும்போது நாவன்மை சவடாலாகிவிடுகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பாண்டிநாட்டுச் சாசனங்களைப் படித்தால் வேறு அளவுகோல் கிடைக்கிறது. புகழ்ச்சிக்குப் பின்னால் சரிபார்க்கத்தக்க ஏதாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வேள்விக்குடிச் செப்பேட்டை எடுத்துக்கொள்வோம். 8ஆம் நூற்றாண்டில் நெடுஞ்சடையன் பராந்தகன் தன் 3ஆம் ஆட்சியாண்டில் கொடுத்தது. 10 ஏடுகள், இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பாண்டியர் குலத்தை எதுகையும் மோனையும் புரள அது புகழும் வேகத்துக்கு எந்த மேடைப் பேச்சும் ஈடாகாது. அந்தப் புகழ்மாலைக்கு நடுவே கூடல் நகரில் ஒருவர் அரசனை நோக்கி உரக்க முறையிடுகிறார். பழம்பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி தம் முன்னோருக்குக் கொடுத்த ஊர் களப்பிரர் காலத்தில் பறிபோயிற்று என்கிறார். அரசன் முறுவலிக்கிறான், ஆனால் உடனே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. நாட்டாரைக் கொண்டு பழமையைக் காட்டிப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறான். அவர் அப்படியே காட்டிய பிறகுதான் ஊர் திரும்பக் கிடைக்கிறது. நான்கு எல்லைகளும் எழுதப்படுகின்றன. அத்தனை அலங்காரமும் ஒரு நிலவழக்கின் தீர்ப்பைச் சுமந்து நிற்கிறது.

பிற்காலப் பாண்டியரின் மெய்க்கீர்த்திகளும், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசப் புகழுரைகளும், இப்படித்தான். சடையவர்மன், மாறவர்மன் என்ற பட்டங்கள் மாறிமாறி வந்தன. சுந்தரபாண்டியன் என்ற பெயரிலேயே பலர் ஆண்டார்கள். வெறும் பெயரை வைத்து எந்த அரசன் என்று சொல்ல முடியாத கல்வெட்டில், மெய்க்கீர்த்தியின் தொடக்கத் தொடரைக் கொண்டே ஆய்வாளர்கள் ஆளை அடையாளம் காண்கிறார்கள். வெற்று முகஸ்துதி என்று நாம் ஒதுக்கிவிடக்கூடிய வரிகள்தான் வரலாற்றுக்குக் கைகொடுக்கின்றன.

அரண்மனைப் புலவர் பொய்யும் எழுதுவாரே என்ற மறுப்பு நியாயமானது. 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டை வென்று, அருள்கூர்ந்து திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு ‘சோணாடு வழங்கியருளிய’ என்ற பட்டம் பூண்டான். அதே காலத்து ஹொய்சளரோ சோழ அரசை மீண்டும் நிலைநிறுத்தியவர்கள் தாங்களே என்று பட்டம் சூட்டிக்கொண்டார்கள். பாண்டியனின் ‘அருளுக்கு’ப் பின்னால் ஹொய்சளப் படையின் நெருக்கடி இருந்ததை இந்த இரண்டாவது பட்டம் காட்டிக்கொடுக்கிறது. மிகைதான், ஐயமில்லை. ஆனால் இன்ன நாடு, இன்ன செயல் என்று குறித்துச் சொன்ன மிகை. அதனால்தான் ஒன்றை வைத்து மற்றதை உரசிப் பார்க்க முடிகிறது.

இனி மேடைப் பேச்சுக்கு வருவோம். 1990களில் மதுரையின் அரசியல் மேடைகளை ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் பெர்னார்ட் பேட், 2009இல் வெளியான தம் நூலில், மேடைச் செந்தமிழ் பழமையின் சாயல் பூண்டிருந்தாலும் திராவிட இயக்கத்தோடு வளர்ந்த நவீன வடிவமே என்று வாதிட்டார். வடிவத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியென்றே நினைக்கிறேன். மன்னரைப் புகழ்ந்த பழக்கம்தான் சுவரொட்டிப் பட்டங்களாகத் தொடர்கிறது என்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். புகழ் தொடர்கிறது, அதோடு ஒட்டி வந்த எல்லையும் சாட்சியும் தொடரவில்லை. தேர்தல் மேடை சாசனம் எழுதும் இடமா என்று கேட்கலாம். புலவரின் பாட்டும் சாசனமில்லைதான். 782 அடிகள் கொண்ட மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார், தலையாலங்கானத்து வெற்றிவீரன் நெடுஞ்செழியனையும் அவன் நகரத்தின் அங்காடிகளையும் மனம் நிறையப் புகழ்கிறார். அந்தப் புகழின் நடுவிலேயே, உன்னைப்போல் ஆண்ட எத்தனையோ மன்னர்கள் மாண்டுபோனார்கள் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்கிறார். அப்படி ஒரு சொல்லைத் தலைவரிடம் சொல்லத் துணிந்த பேச்சாளர் எத்தனை அடுக்குமொழி அடுக்கினாலும், அவரைச் சவடால் அடிக்கிறார் என்று மதுரை சொல்லாது.