வேண்டுதல் என்றொரு லீவு

அபிஷேகப்பாக்கம் பக்கத்து வீடுகளில் மருமகளுக்கு லீவு கிடையாது. காய்ச்சலடித்தாலும் கஞ்சியைக் குடித்துவிட்டு நடவுக்குப் போக வேண்டும். ‘மனசு சரியில்லை’ என்று சொன்னால், ‘எங்களுக்கெல்லாம் மனசே இல்லையா?’ என்பாள் மாமியார். ஆனால் ‘நரசிம்மருக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்’ என்று ஒருத்தி சொல்லிவிட்டால், அப்புறம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். செவிலியராக இந்த வீடுகளில் ஏறி இறங்கியவள் நான். நம் சனங்கள் மனபாரத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்று யாராவது எழுதினால், அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

இங்கே நரசிம்மர் என்றால் சிங்கிரிகுடி நரசிம்மர்தான். மேற்குப் பார்த்த சந்நிதி. பதினாறு கைகளோடு இரணியனைக் கிழிக்கிற கோலம். இவ்வளவு கோபமான சாமியிடம் நிம்மதி கேட்டு வருகிறார்களே என்று ஆரம்பத்தில் நினைத்ததுண்டு. கடன் தொல்லை, எதிரி பயம், கல்யாணத் தடை, புத்தி தடுமாற்றம் என எல்லாவற்றுக்கும் இங்கேதான் வருகிறார்கள். வீட்டில் ஒரு குரல் உயர்த்த முடியாதவளுக்குத் தன் பங்குக்குக் கோபப்பட ஒரு சாமி வேண்டியிருக்கிறது போலும். வேண்டுதல் என்றால் விரதம், ஈரத்துணியோடு பிரகாரம், பிறகு தூண் நிழலில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருவது. அந்தச் சும்மா உட்காருவதுதான் அவளுக்கு வேறெங்கும் கிடைக்காதது.

மனநோய் முற்றியவர்களுக்குத் தமிழ்நாட்டில் வேறு இடங்கள் இருந்தன. காவிரிக்கரையில் குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் 48 நாள் தங்க வைப்பார்கள். ஆற்றில் குளியல், பூஜைவேளையில் முகத்தில் தீர்த்தம் தெளிப்பு, கூடவே வீட்டாள் ஒருவர். கூட வந்தவருக்கும் அந்த ஒரு மண்டலம் வயல் இல்லை, அடுப்பு இல்லை. இதை யாரும் சிகிச்சையின் பகுதியாக எண்ணுவதில்லை. நான் எண்ணுகிறேன்.

பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த மருத்துவர் ரகுராமும் அவரோடு சேர்ந்தவர்களும் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைக் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள் அவர்கள். பேயோட்டும் சடங்கு எதுவும் அங்கே கிடையாது. காலையில் பூஜை, பிறகு கூட்டிப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி சின்னச் சின்ன வேலைகள். துணைக்குக் குடும்பத்தில் ஒருவர். நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் இறங்கியிருந்தது. தெய்வ சக்தி என்று அவர்கள் எழுதவில்லை. அதட்டாத, அரவணைக்கிற இடத்தில் இருந்ததே காரணமாகலாம் என்றார்கள்.

இதைச் சொல்லிவிட்டு ஏர்வாடியைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், அங்குள்ள தர்காவை நம்பி நடந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். கூட இருக்க வேண்டிய குடும்பம் பணத்தைக் கட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியபோது, துணையின் இடத்துக்குச் சங்கிலி வந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது.

வெள்ளைக்காரன் காலத்து மனநலக் காப்பகங்களிலும் பூட்டுத்தான் முதலில் வந்தது. சென்னையில் 1794இல் வாலன்டைன் கொனாலி நடத்திய காப்பகம், பிறகு 1871இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய மதிலோடு அரசு கட்டிய மனநல ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரிக்கு 1961இல் கண்காணிப்பாளராக வந்த டாக்டர் சாரதா மேனன், 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பைத் தொடங்கி, வைத்தியத்தோடு வேலை, குடும்பம் என்பதையும் சேர்த்தார். எங்கள் பக்கத்தில் 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய ஜிப்மரின் வேர். இன்று அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இருக்கிறது. ஆனால் வரிசையில் நின்று சீட்டு வாங்கித் திரும்பவே ஒரு நாள் கூலி போய்விடும். மருந்து வேண்டியவர்கள் அந்தக் கூலியை விட்டாவது போகத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் சொல்வது தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுதுகொண்டு, ஆஸ்பத்திரி என்றாலே ‘பைத்தியமா’ என்ற பேச்சுக்குப் பயந்து கிடக்கும் பெண்களைப் பற்றி.

அவர்களுடைய லீவு சுருங்கிக்கொண்டே வருகிறது. சிங்கிரிகுடி, பூவரசன்குப்பம், பரிக்கல் என மூன்று நரசிம்மரையும் ஒரே நாளில் பார்த்தால் விசேஷம் என்று வேன் பிடித்துப் போகிறார்கள். காலையில் ஏறினால் சாயங்காலம் வீடு, உடனே ராத்திரிச் சமையல். தூண் நிழலுக்கு நேரம் எங்கே? வேனில் சத்தமாகப் பாட்டுப் போடுவதையாவது நிறுத்தினால் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் நாலு வார்த்தை பேசலாம்.

2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற இலவச எண் இருக்கிறது. டெலி மானஸ் என்று பெயர். ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் இங்கே பல வீடுகளில் இருக்கிற ஒரே போன் புருஷன் சட்டைப்பையில்தான் இருக்கிறது. அதனால் கேட்கிற பெண்களிடம் நான் எண்ணைச் சொல்வதோடு, என் போனையும் கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறேன்.