ஒண்ணுமே இல்லாத தீவு

கல்யாணம் முடிந்த மறுவாரம் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கே போவதாகத் திட்டம் என்று கேட்டேன். "மாலத்தீவு மாமா. நாலு நாள். அங்க ஒண்ணுமே இல்லையாம். கடல், மணல், ஒரு குடிசை, அவ்வளவுதான். எங்களுக்கு அதுதான் வேணும்" என்றாள். மண்டபம், பந்தி, பட்டு, இரண்டு பக்கத்து உறவுக்கூட்டம் என்று மூன்று மாதம் அலைந்த பிள்ளை. ஒன்றுமே இல்லாத இடத்துக்கு அவள் ஆசைப்பட்டதில் தப்பில்லை.

ஆனால் அந்த "ஒண்ணுமே இல்ல" எனக்குள் தங்கிவிட்டது. அந்தத் தீவுகளில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இருந்துவிட்டு எழுதிய பழைய பயணிகள் இரண்டு பேரைப் படித்திருக்கிறேன். இருவருமே அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் கண்ட இடத்தில் எல்லாமே இருந்தது. ராணி, அமைச்சர், வழக்கு, வதந்தி, கல்யாணம், மணமுறிவு, ஊர்ச்சண்டை எல்லாம். அப்படியென்றால் இன்று ஜோடிகள் காசு கொடுத்து வாங்கும் அந்த வெறுமை எங்கிருந்து வந்தது? எப்போது வந்தது?

மாலத்தீவு ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகளின் கூட்டம். ஊர் என்று மக்கள் வாழ்வது அவற்றில் 200க்கும் குறைவான தீவுகளில்தான். நமக்கு இது புதிய இடமல்ல. முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற நாடுகளை அடுக்கும்போது கடலில் இருக்கும் பன்னீராயிரம் பழந்தீவுகளையும் சேர்த்துக்கொள்கிறது. அது மாலத்தீவுதான் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் பிறகு, 1153இல், பௌத்தத்தில் இருந்த தீவுகள் இஸ்லாத்துக்கு மாறின. தீவுகளில் விளைவதோ கொஞ்சம். அரிசி வெளியிலிருந்துதான் வரவேண்டும். பதிலுக்கு அவர்கள் கொடுத்தவை மூன்று: கருவாடாக்கிய சூரைமீன், தென்னைநார்க் கயிறு, சோழி. அந்தக் கருவாட்டைத்தான் தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசி என்கிறோம்.

இந்த மூன்றையும் பார்த்து எழுதியவர் மொராக்கோக்காரரான இப்னு பதூதா. 1343இல் கோழிக்கோட்டிலிருந்து கப்பலேறி, பத்து நாளில் அங்கே போய்ச் சேர்ந்தார். சும்மா பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தார். தான் சட்டம் படித்தவன் என்பது தெரிந்தால் பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்று மறைக்கவும் பார்த்தார். தெரிந்துவிட்டது, பிடித்து வைத்துக்கொண்டார்கள். கதீஜா என்ற பெண் அரசி ஆண்ட காலம் அது. நடைமுறையில் அதிகாரம் அவள் கணவரான அமைச்சர் ஜமாலுத்தீன் கையில். பதூதாவை காஜி ஆக்கினார்கள். பெண்ணும் கொடுத்தார்கள், ஒன்றல்ல, நான்கு. எல்லாம் அரச குடும்பத்தோடும் அமைச்சர் வீடுகளோடும் ஒட்டுறவு உள்ள இடங்கள்.

இந்தத் தீவுகளில் கல்யாணம் செய்வது சுலபம் என்று அவர் எழுதுகிறார். மஹர் குறைவு. கப்பல் வந்து நின்றால் மாலுமிகள் இங்கே பெண் கட்டுவார்கள், கப்பல் கிளம்பும்போது தலாக் சொல்லிவிட்டுப் போவார்கள். பெண்கள் தம் நாட்டை விட்டுக் கிளம்புவதே இல்லை. மணமுறிவு பெற்ற பெண் மறுபடி கல்யாணமாகும் வரை பழைய கணவன் வீட்டிலேயே இருப்பது ஊர் வழக்கம். புது காஜிக்கு இது பொறுக்கவில்லை. இருபத்தைந்து ஆண்களைப் பிடித்து அடித்து, கடைத்தெருவில் ஊர்வலம் விட்டார். பெண்கள் இடுப்புக்கு மேலே துணி போடாததும் அவருக்குப் பொறுக்கவில்லை. அதை மாற்ற முயன்றார். தன் நீதிமன்றத்துக்குள் வரும் பெண்கள் மேலே மூடிக்கொண்டு வரவேண்டும் என்ற அளவுக்குத்தான் முடிந்தது. வாசலைத் தாண்டி அவர் உத்தரவு செல்லவில்லை.

அதைவிடச் சின்ன விஷயம் ஒன்று எனக்குப் பிடித்தது. அங்கே மனைவி கணவனோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். பதூதா தன் மனைவிகளைக் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். சிலர் சம்மதித்தார்கள், சிலர் கடைசிவரை மாட்டோம் என்றுவிட்டார்கள். உலகத்தில் பாதியைச் சுற்றிய மனிதருக்குத் தன் வீட்டுப் பெண் சாப்பிடுவதைப் பார்க்கக் கிடைக்கவில்லை. இன்று அதே நாட்டில் கடலோர மணலில் மெழுகுவத்தி வைத்து, இரண்டே நாற்காலி போட்டு ஜோடிக்கு விருந்து வைக்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம்.

கடைசியில் அமைச்சருக்கும் காஜிக்கும் ஒத்துப்போகவில்லை. 1344இல் பதூதா கிளம்பினார். போகும் வழியில் இலங்கையைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தது மதுரைச் சுல்தானிடம். அங்கே உறவு இருந்தது. மதுரைச் சுல்தானகத்தைத் தொடங்கிய ஜலாலுத்தீன் அஹ்சன் கானின் மகளை அவர் டில்லியிலேயே மணந்திருந்தார். அப்போது ஆண்ட கியாசுத்தீன் தாம்கானியின் மனைவி அவளுடைய சகோதரி. சகலையும் சகலையும் உட்கார்ந்து மாலத்தீவு மீது படையெடுக்கத் திட்டம் போட்டார்கள். அந்தத் திட்டத்திலும் ஒரு கல்யாணம் உண்டு. ராணி கதீஜாவின் தங்கையைச் சுல்தானுக்குக் கட்டிவைப்பது. அதற்கான ஒப்பந்தம், ராணிக்குப் பரிசு, அமைச்சர்களுக்கு அங்கி, ஏழைகளுக்குத் தருமம் என்று எல்லாம் பேசியாயிற்று. கப்பற்படைத் தலைவர்தான் கையை விரித்தார். காற்று சரியில்லை, மூன்று மாதம் போகாமல் கப்பல் விட முடியாது என்றார். அதற்குள் மதுரையில் கொள்ளைநோய் பரவியது. சுல்தானும் இறந்தார். மாலத்தீவு தப்பித்தது.

பதூதா கிளம்பியபோது அவர் மனைவி ஒருத்தி கர்ப்பமாக இருந்தாள். ஆண் குழந்தை. பிறகு அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒருமுறை தீவுக்குத் திரும்பி வந்தார். பார்த்தார். அவன் இவர்களோடே இருப்பதுதான் நல்லது என்று தோன்றிவிட்டது. சில நாள் இருந்துவிட்டு, பிள்ளையை விட்டுவிட்டு, வங்காளத்துக்குக் கப்பலேறிப் போய்விட்டார். வந்தவன் போவான், தீவு இருக்கும். அந்த ஊர் அதைத் தெரிந்துதான் பெண் கொடுத்தது.

*

அக்கா மகள் கடற்கரையில் சோழி பொறுக்குவாள் என்று நினைத்துக்கொண்டேன். நம் வீடுகளில் அது தாயக்கட்டத்தில் உருட்டுகிற சாமான். ஒரு காலத்தில் அது பணம். கடலில் எடுத்துக் குழியில் போட்டு வைப்பார்கள். உள்ளே இருக்கும் பூச்சி அழுகிப்போய் வெள்ளை ஓடு மட்டும் மிஞ்சும். மாலத்தீவில் நான்கு லட்சம் சோழிக்கு ஒரு தங்க தினார் என்பது பதூதா சொல்லும் விலை. சில வருஷங்கள் கழித்து அவரே மேற்கு ஆப்பிரிக்காவில் மாலிப் பேரரசில் அதே சோழியைக் காண்கிறார். அங்கே 1,150 சோழிக்கு ஒரு தினார். தீவுக்காரி கையிலிருந்து மாலிச் சந்தைக்குப் போவதற்குள் விலை முந்நூறு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இரண்டாவது பயணி பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார். அவர் விருந்தாளி அல்ல, கைதி. அவர் வந்த 'கார்பின்' என்ற கப்பல் 1602 ஜூலையில் மாலத்தீவுப் பவளப்பாறையில் மோதி உடைந்தது. உடைந்த கப்பலின் சரக்கு அரசனுக்குச் சொந்தம் என்பது நாட்டுச் சட்டம். உயிர் தப்பியவர்களையும் விடுவதில்லை. பிரார் ஐந்து வருஷம் அங்கே கிடந்தார். மொழியைக் கற்றுக்கொண்டார், திவெஹிச் சொற்களைத் தொகுத்தும் வைத்தார். 1607இல் வங்காளத்திலிருந்து வந்த கொள்ளைக் கப்பல்கள் மாலேயைத் தாக்கியபோதுதான் அவருக்கு விடுதலை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முன்னும் பின்னும் மூன்று மூன்று நாள் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சோழி எடுப்பதை அவர் எழுதியிருக்கிறார். வேறு சரக்கே இல்லாமல் சோழி மட்டும் ஏற்றிய கப்பல்கள் ஒரு வருஷத்தில் முப்பது நாற்பது வங்காளத்துக்குப் போவதைப் பார்த்ததாகச் சொல்கிறார்.

பின்னாளில் டச்சு, ஆங்கிலக் கப்பல்கள் அந்தச் சோழியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு. அங்கே அது எதை வாங்கியது என்பது தெரிந்த கதை. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த சரக்குகளில் முக்கியமான ஒன்று சோழி. தண்ணீரில் நின்று எடுத்த பெண்ணுக்கு அது அரிசி, அவ்வளவுதான். அது எங்கே போய் என்ன செய்கிறது என்று அவளிடம் சொன்னவர் இல்லை.

*

இனி நம் காலம். மாலத்தீவு 1965இல் பிரிட்டிஷ் பாதுகாப்பிலிருந்து விடுபட்டது. 1968இல் குடியரசு. வருமானம் என்று சொல்ல மாசிதான். அதை வாங்கியது பெரும்பாலும் இலங்கை. 1970களின் தொடக்கத்தில் இலங்கை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் சிக்கி மாசி இறக்குமதியைக் குறைத்தபோது தீவுகளின் பிழைப்பில் மண் விழுந்தது. சுற்றுலாவுக்கு ஏற்ற இடமல்ல என்று 1960களில் வந்த ஐ.நா. நிபுணர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வங்கி இல்லை, சரியான விமானப் போக்குவரத்து இல்லை, காய்கறி இல்லை.

அந்த நேரத்தில்தான் இத்தாலியப் பயண ஏற்பாட்டாளர் ஒருவர் வந்தார். ஆளில்லாத கடற்கரை எங்கேயாவது கிடைக்குமா என்று கொழும்பில் விசாரித்துக்கொண்டிருந்தவர். பெயர் ஜார்ஜ் கார்பின். ஆம், பிராரின் கப்பலுக்கு இருந்த அதே பெயர். வரலாறு சில சமயம் இப்படி விளையாடும், அர்த்தம் தேடக்கூடாது. 1972 பிப்ரவரியில் அவர் இருபத்துச் சொச்சம் இத்தாலியர்களை அழைத்து வந்தார். மாலேயில் வீடுகளில்தான் தங்கவைத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் பக்கத்திலிருந்த விஹமனாஃபுஷி தீவில் பவளக்கல் சுவர், தென்னோலைக் கூரையோடு முப்பது அறைகள் கொண்ட 'குரும்பா' விடுதி திறந்தது. குரும்பா என்றால் திவெஹியில் இளநீர்க்காய். நம் குரும்பை, மலையாளத்துக் குரும்ப எல்லாம் ஒரு குலைதான் போலிருக்கிறது.

இங்கேதான் "ஒண்ணுமே இல்ல" பிறந்தது. மக்கள் வாழாத தீவுகளை அரசு குத்தகைக்கு விடும். ஒரு தீவுக்கு ஒரு விடுதி. கட்டடம் மரத்தின் உயரத்தைத் தாண்டக்கூடாது. வெள்ளைக்காரர்கள் அந்தத் தீவில் குடிக்கலாம், எப்படி வேண்டுமானாலும் உடுத்தலாம். மக்கள் வாழும் தீவில் அது எதுவும் கூடாது. 1980களில் ஊர்த் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் தங்குவதே தடுக்கப்பட்டது. 2009க்குப் பிறகுதான் ஊர்களில் தங்கும் விடுதிகள் நடத்தக் கதவு திறந்தது. அந்த மக்களில்லாத் தீவுகளும் ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தவை அல்ல. பக்கத்து ஊர்க்காரர்கள் படகில் போய்த் தேங்காய் பறிப்பதும் விறகு எடுப்பதும் அங்கேதான்.

இந்தக் கொள்கையைச் சட்டென்று குறை சொல்லிவிட முடியாது. அது வந்த பிறகுதான் பசி போனது, பள்ளிக்கூடம் வந்தது, மருத்துவமனை வந்தது. சுற்றுலா புகுந்த எத்தனையோ கடற்கரைகளில் ஊர் மக்களுக்கு நடந்தது இவர்களுக்கு நடக்கவில்லை. தங்கள் தெருவை, பள்ளிவாசலை, பெண்களை அந்நியர் கேமராவிடமிருந்து காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனால் ஒன்றை இழந்தார்கள் என்று நினைக்கிறேன். ஆயிரம் வருஷமாக வந்தவனைக் காஜியாக்கி, மாப்பிள்ளையாக்கி, கைதியாக்கி, ஏதோ ஒரு வகையில் வீட்டுக்குள் இழுத்துக்கொண்ட நாடு அது. இப்போது வந்தவனுக்கு வேறு தீவு. ஒருவரை ஒருவர் பார்க்காமலே வியாபாரம் முடிகிறது.

வேடிக்கை என்னவென்றால் பதூதாவின் உத்தரவு இப்போது அமலில் இருக்கிறது, தலைகீழாக. ஊர்த் தீவுக்கு வரும் வெளிநாட்டுப் பெண்தான் தோளை மூடிக்கொண்டு நடக்கவேண்டும். இன்னொன்று, புதுமணத் தம்பதிகள் தேடிப்போகும் இந்த நாடுதான் உலகிலேயே மணமுறிவு விகிதம் மிகுந்ததாக, ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 10.97 என்று, கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. நம் ஊர்க் கண்ணால் பார்த்துச் சிரிக்கலாம். பதூதாவைப் படித்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். பிரிந்த பெண் மூலையில் உட்காராமல் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளும் ஒரு பழைய ஏற்பாட்டின் மிச்சமும் அந்த எண்ணில் இருக்கிறது.

போய்விட்டு வந்ததும் அவள் போன் செய்தாள். ரொம்ப நல்லா இருந்துச்சாம். மீன் காலடியிலேயே வருமாம். "அந்த ஊர்க்காரங்க யாரையாவது பாத்தியா?" என்று கேட்டேன்.

"எங்க ரூமுக்கு வர்ற பையன் ஒருத்தன்தான் மாமா. கட்டில்ல பூவால இதயம் செஞ்சு வச்சது அவன்தான். அவனுக்கும் கல்யாணமாகி எட்டு மாசமாம். பொண்டாட்டி வடக்க ஏதோ தீவுல இருக்கா. மூணு மாசத்துக்கு ஒருக்காதான் ஊருக்குப் போவானாம்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

"பேரு கேட்டியாம்மா?"

"கேக்கல மாமா. சட்டையில எழுதியிருந்துச்சு."