ஆரம்பக் கட்டு: கையில் ஒன்றும் இல்லாதவன் ஆட்டத்துக்குள் வந்த கதை

போன மே மாசம் சிதம்பரத்தில் அக்கா வீட்டில் நாலு நாள் இருந்தேன். அக்கா பையனுக்குப் பத்து வயசு. ஒரு செருப்புப் பெட்டி நிறைய போகிமான் கார்டு வைத்திருக்கிறான். பக்கத்து வீட்டுப் பையன் வந்து திண்ணையில் உட்கார்ந்தான்.

"உங்கிட்ட கட்டு இருக்கா?"

"இல்ல."

"அப்ப பாரு."

அந்தப் பிள்ளை அரைமணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய்விட்டான். யாரும் அவனைத் திட்டவில்லை, துரத்தவில்லை. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. இதே "அப்ப பாரு"வை முப்பது வருஷத்துக்கு முன்னால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நானும் கேட்டிருக்கிறேன். ஒன்றிரண்டு தடவை சொல்லியும் இருக்கிறேன். ஊருக்குத் திரும்பினதும் இந்த விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் ஒரு சின்ன சாமானின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்டர் டெக்' என்கிறார்கள். நாம் ஆரம்பக் கட்டு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் நம்ம ஊர்க் கதை. 1990களில் எங்கள் தெருவில் கார்டு என்றால் டபிள்யூ டபிள்யூ எஃப் டிரம்ப் கார்டுதான். ஒரு மல்யுத்த வீரர் படம், கீழே ரேங்க், உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ். கட்டைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வோம். மேல் கார்டைப் பார்த்து "எடை!" என்று ஒருவன் சொல்வான். யாருடைய எண் பெரிதோ அவனுக்கு இரண்டு கார்டும். யோகோசூனா கையில் இருந்தால் எடையைத் தவிர வேறு எதையும் எவனும் சொல்ல மாட்டான். இங்கிலாந்தில் 1970களின் பின்பகுதியில் 'டாப் டிரம்ப்ஸ்' என்ற பெயரில் பரவிய ஆட்டம் இது. நமக்கு அது மல்யுத்த வேஷம் போட்டுக்கொண்டு வந்தது.

இந்த ஆட்டத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. அப்போது அது எனக்குப் புரியவில்லை. ஒரு பெட்டி யாரிடம் இருந்தாலும் போதும், இரண்டு பேரும் ஆடலாம். பெட்டிக்காரனுக்குப் பாதி, வெறுங்கையோடு வந்தவனுக்கும் பாதி. ஆடுபுலி ஆட்டம் மாதிரிதான். மூன்று புலி, பதினைந்து ஆடு, தரையில் ஒரு கோடு. கல் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

கெட்டது எப்போது என்றால், "சும்மாவா, நெசமாவா?" என்ற கேள்வி வந்தபோது. நெசம் என்றால் ஜெயித்த கார்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒரு வாரத்தில் தெருவில் இரண்டு பேரிடம் எல்லாக் கார்டும் சேர்ந்துவிடும். மீதிப் பேர் பார்ப்பார்கள்.

இதே கேள்வி அமெரிக்காவில் ஒரு கணித அறிஞர் உருவாக்கிய ஆட்டத்துக்குள்ளும் இருந்தது என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி, விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி 1993 ஆகஸ்டில் வெளியிட்ட 'மேஜிக்: தி கேதரிங்'தான் இன்றைய சேகரிப்புச் சீட்டாட்டங்களுக்கெல்லாம் மூத்தது. டிரம்ப் கார்டிலிருந்து இது அடிப்படையிலேயே வேறு. எல்லாருக்கும் பொதுவான கட்டு கிடையாது. முதல் பதிப்பில் 295 வகைச் சீட்டுகள். அவற்றில் எது எது தன் கட்டில் இருக்க வேண்டும் என்று ஆடுகிறவனே முடிவு செய்வான். ஒவ்வொருவனும் தன் கட்டைத் தானே கட்டிக்கொண்டு வருவான்.

அன்றைக்குக் கடையில் இரண்டு விதமாக விற்றார்கள். 15 சீட்டு உள்ள 'பூஸ்டர்' பாக்கெட் ஒன்று. 60 சீட்டும் ஒரு குட்டி விதிப் புத்தகமும் உள்ள 'ஸ்டார்ட்டர்' பெட்டி இன்னொன்று. பெயரைப் பார்த்தால் புதுசாக வருகிறவனுக்காகச் செய்தது மாதிரி இருக்கும். உள்ளே இருந்த 60 சீட்டும் குருட்டாம்போக்கில் விழுந்தவை. ஆட்டத்தில் ஐந்து நிறங்கள். ஒன்றிரண்டு நிறத்தில் கட்டினால்தான் கட்டு ஓடும். பெட்டியிலோ ஐந்தும் கலந்து கிடக்கும். குழம்பு வைக்கச் சாமான் கேட்டவனுக்கு மளிகைக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிக் கொடுத்த மாதிரி.

அதற்கு மேல் 'ஆன்ட்டி' என்று ஒரு விதி. ஆட்டம் தொடங்கும்போது இரண்டு பேரும் தங்கள் கட்டிலிருந்து பார்க்காமல் ஒரு சீட்டை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். ஜெயித்தவனுக்கு இரண்டும். எங்கள் தெருவின் "நெசமா"வேதான்! வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டால் விட்டுவிடலாம். ஆனால் அச்சிட்ட விதி அதுதான். புதுசாக வந்தவன் தன்னிடம் இருக்கும் ஒரே நல்ல சீட்டை முதல் நாளே இழக்கலாம். பலருக்கு இது பிடிக்கவில்லை, சூதாட்டத்தின் வாடையும் அடித்தது. பணயம் பற்றிப் பேசும் சீட்டுகள் அச்சானது 1995இன் 'ஹோம்லாண்ட்ஸ்' தொகுப்போடு நின்றது.

சூது என்றதும் எங்கள் அம்மா ஞாபகம் வருகிறது. "வீட்டுக்குள்ள சீட்டுக்கட்டா?" என்று டிரம்ப் கார்டைக்கூடப் பிடுங்கிப் பரண் மேல் போடுவார். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே 1968இல் சொல்லிவிட்டது. அது அம்மாவிடம் செல்லாது. இப்போது யோசித்தால் அவர் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆடுவதில் திறமை இருக்கலாம். என்ன வருமென்று தெரியாமல் பாக்கெட் வாங்குவதில் என்ன திறமை?

திருப்பம் 1997இல். அந்த வருஷம் புதியவர்களுக்கென்றே 'போர்ட்டல்' என்ற எளிய தொகுப்பு வந்தது. அதே அக்டோபரில் 'டெம்பெஸ்ட்' தொகுப்போடு, முன்கூட்டியே யோசித்துக் கட்டிய கட்டுகள் கடைக்கு வந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கும் முன்பே தெரியும். பிரித்தால் ஆடலாம். 1999இல் ஆங்கிலத்தில் வந்த போகிமான், இரண்டு பேர் ஆடும் ஆரம்பப் பெட்டி ஒன்றையும் விற்றது. அதில் மச்சாம்ப் என்ற பளபளப்புச் சீட்டு எல்லாப் பெட்டியிலும் ஒன்று கட்டாயம் இருக்கும். அதனால்தான் 'முதல் பதிப்பு' முத்திரை இருந்தும் சேகரிப்பவர்களிடம் அதற்குப் பெரிய விலை இல்லை. எனக்கு அந்தச் சீட்டின் மேல் தனி மரியாதை. எல்லாரிடமும் இருக்கிறது என்பதே அதன் பெருமை.

2002இல் யூ-கி-ஓ அமெரிக்காவுக்கு வந்தபோது நாயகன் யூகி பெயரில் ஒரு கட்டு, எதிராளி கைபா பெயரில் ஒரு கட்டு, தலா 50 சீட்டு. இரண்டு நண்பர்கள் ஆளுக்கொன்று வாங்கினால் கடைவாசலிலேயே ஆடலாம். ஒன்பது வருஷத்தில் ஆரம்பக் கட்டு தலைகீழாக மாறிவிட்டது. முதலில் அது அதிர்ஷ்டத்தை விற்றது. பிறகு ஒரு முழு ஆட்டத்தை விற்றது.

நம்ம பக்கம் வந்தது பாக்கெட் மட்டும்தான். 2000களில் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் நாலைந்து போகிமான் கார்டு அடைத்த மலிவுப் பாக்கெட் தோரணமாகத் தொங்கும். மெல்லிய அட்டை, எழுத்துப் பிழை, பாதி போலி. விதிப் புத்தகம் கிடையாது. அதனால் தெருப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த விதியை அதன் மேல் போட்டார்கள். "ஹெச்.பி. எவ்வளவு? பெரிசு ஜெயிக்கும்." திரும்பவும் டிரம்ப் கார்டு! நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வாசல் இல்லாத வீட்டுக்குள் ஜன்னல் வழியாக நுழைந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் அந்த ஆட்டத்திலும் கார்டு இல்லாதவனுக்கு இடமில்லை.

என் பழைய டிரம்ப் கார்டுகள் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பரணோடு நனைந்து ஒட்டிக்கொண்டன. இருந்திருந்தால் அதையே கொண்டுபோயிருப்பேன். அடுத்த முறை சிதம்பரம் போனபோது 'போகிமான் பேட்டில் அகாடமி' பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். 2020இல் வந்தது. மூன்று கட்டு, ஒரு ஆட்டப் பலகை. கற்றுக்கொடுக்கும் ஆட்டத்துக்கான சீட்டுகளை வரிசையாக அடுக்கியே வைத்திருக்கிறார்கள். முதல் ஆட்டத்தில் கட்டைக் கலைக்கக் கூடாது. புத்தகம் சொல்கிறபடி ஒவ்வொரு சீட்டாக எடுத்து ஆடிப் பழக வேண்டும். சீட்டாட்டத்தில் கலைக்காதே என்று ஒரு விதி! முதல் நாள் மட்டும் அதிர்ஷ்டத்தை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

"செருப்புப் பெட்டிய எடுக்கக் கூடாது, இதுல மட்டும்தான்" என்றேன். அக்கா பையனுக்கு முகம் சுண்டிப்போனது. "மாமா, எங்கிட்ட இதவிட நல்ல கார்டு இருக்கு." இருக்கட்டும் என்றேன். பக்கத்து வீட்டுப் பையன் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்து வாசித்து ஆடினான். முதல் ஆட்டம் தோற்றான், இரண்டாவதும் தோற்றான். எழுந்து போகவில்லை.

மறுநாள் காலையில் நான் காபி குடிக்கும்போதே வாசலில் நின்றான். கையில் கட்டு இருந்தது.

"மாமா, இதுல ஒண்ண எடுத்துட்டு வேற ஒண்ணு வைக்கலாமா?"

கார்ஃபீல்டு 1993இல் உலகத்தைக் கேட்க வைத்த கேள்வி அதுதான். உள்ளே வாடா, உட்கார் என்றேன்.